மாமி, நான் ரெண்டு நாளைக்கு வீட்டில் இல்லை

(இலங்கை மலையகம், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு. சுவர்ப் பூச்சு பாதி முடிந்திருக்கிறது, மீதி அடுத்த தேர்தலுக்கு. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து மாமி தேங்காய் துருவுகிறார். காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். காது மந்தம், தேவைப்படும்போது மட்டும். மருமகள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூட லீவு, பிள்ளைகள் டியூசனில். வெளியே மழை. மலையகத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, என்றாலும் நாடகம் என்றால் பின்னால் ஒரு சத்தம் வேண்டுமே.)

மருமகள்: மாமி, வியாழக்கிழமை விடிய நான் அப்புத்தளைக்குப் போகிறேன். சனிக்கிழமை பின்னேரம் வந்துவிடுவேன்.

மாமி: யார் செத்தது?

மருமகள்: யாரும் சாகவில்லை.

மாமி: அப்போ கல்யாணமா? பத்திரிகை வரவில்லையே.

மருமகள்: கல்யாணமும் இல்லை. சும்மா, தனியாக இருந்து கொஞ்சம் யோசிக்கப் போகிறேன்.

மாமி: (துருவுவதை நிறுத்தி) சேகர் கை நீட்டினானா?

மருமகள்: ஐயோ மாமி! கரப்பான் அடிக்கவே அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

மாமி: அப்புறம் என்ன புள்ள யோசனை? வீட்டிலேயே யோசிக்கலாமே. நான் எல்லாம் தேயிலைக்குள் நின்றபடியே யோசித்தவள்.

மருமகள்: என்ன யோசித்தீர்கள்?

மாமி: அட்டை எதுவரைக்கும் ஏறியிருக்கும் என்று.

மருமகள்: அதில்லை மாமி. இனி வருகிற ஐந்து வருடத்தில் நான் என்ன செய்யப் போகிறேன் என்று ஓர் இலக்கு வைத்து எழுத வேண்டும். போன வாரம் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மூத்தவன் வந்து பென்சில் சீவும் கட்டர் எங்கே என்றான். சின்னவள் வந்து, அண்ணன் கட்டரைத் தரமாட்டேன் என்கிறான் என்றாள். அவர் வந்து, பிள்ளைகள் ஏன் கத்துகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

மாமி: நான் எதற்கு வந்தேன்?

மருமகள்: ஏன் கதவைச் சாத்தியிருக்கிறாய் என்று கேட்க.

மாமி: கேட்க வேண்டிய கேள்விதானே. எங்கே, அந்தக் கொப்பியைக் காட்டு. (கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து) பிள்ளையார் சுழி போட்டிருக்கிறாய். கீழே ஒன்றையும் காணோமே?

மருமகள்: அதோடு கட்டர் வந்துவிட்டது.

மாமி: பத்தனை கொலேஜில் படிக்கும்போது தனியாகத்தானே இருந்தாய்? கட்டில், மேசை எல்லாம் உனக்கென்று இருந்ததாம். சொல்லிச் சொல்லி மாய்வாய். அப்போது வைக்காத இலக்கா?

மருமகள்: அப்போது வைத்தது டீச்சர் ஆக வேண்டும் என்று. ஆயாச்சு. அடுத்ததை யோசிப்பதற்குள் நீங்கள் பெண் பார்க்க வந்துவிட்டீர்கள்.

மாமி: நல்ல வடை போட்டிருந்தார்கள் உன் வீட்டில். சரி, அப்புத்தளையில் யார் இருக்கிறார்கள் நமக்கு?

மருமகள்: யாருமே இல்லை. அதுதான் வேண்டும். அடிஷாம் பங்களா என்று ஒன்று இருக்கிறது. 1931-இல் வில்லியர்ஸ் துரை கல்லால் கட்டியது. இங்கிலாந்தில் தன் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார். இப்போது பெனடிக்ட் சபைச் சாமிமாரின் மடம். தங்குவதற்கு அறையும் தருகிறார்கள்.

மாமி: துரைக்குக் கடல் தாண்டி வந்தும் ஊர்ப் பெயர் மறக்கவில்லை. எங்கள் தாத்தா துறையூர்ப் பக்கம் என்பார். அவர் இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பெயர் பத்தாம் நம்பர். அது போகட்டும், மாரியம்மனைக் கும்பிடுகிற உனக்குச் சாமியார் மடத்தில் என்ன வேலை?

மருமகள்: அங்கே யாரும் சத்தம் போட மாட்டார்கள் மாமி. அவர்களே ஜேம் செய்து விற்கிறார்கள்.

மாமி: ஜேம்மா? (குரல் இறங்கி) என்ன ஜேம்?

மருமகள்: ஸ்ட்ரோபெரி. உங்களுக்கு ஒரு போத்தல் கொண்டு வருகிறேன்.

மாமி: லஞ்சம் வேண்டாம். ரெண்டு போத்தலாகக் கொண்டு வா. ஆனாலும் பொம்பளை யோசிப்பதற்கு பஸ் ஏறிப் போனாள் என்று நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

மருமகள்: ஆம்பளை போனதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களே. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட். லிப்டன் துரை மலை உச்சியில் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு யோசித்த இடமாம். இன்றைக்கும் ஆட்கள் டிக்கட் எடுத்து அந்த இடத்தைப் பார்க்கப் போகிறார்கள். அவர் என்ன, சட்டி பானை கழுவிவிட்டா மலை ஏறினார்?

மாமி: அவருக்கு எத்தனை பிள்ளைகள்?

மருமகள்: கல்யாணமே பண்ணவில்லை.

மாமி: அதுதானே பார்த்தேன். எந்த வழியாகப் போகிறாய்?

மருமகள்: நுவரெலியா போய், அங்கிருந்து சீதா எலிய, வெலிமடை வழியாக பஸ்.

மாமி: நல்ல வழிதான். சீதையும் அங்கேதான் தனியாக உட்கார்ந்திருந்தாள். நிம்மதியாக இருக்க விட்டார்களா? குரங்கை அனுப்பி, மோதிரத்தை நீட்டி, புருஷன் தேடுகிறார் என்று சேதி சொன்னார்கள். உனக்கு அனுமார் வர மாட்டார். சேகர் வாட்ஸ்அப்பில் வருவான், சட்டைப் பொத்தான் எங்கே என்று.

மருமகள்: போனை நிறுத்தி வைப்பேன்.

மாமி: அடேயப்பா. (சிரட்டையைச் சுழற்றித் துருவிக்கொண்டே) நானும் தனியாகப் போயிருக்கிறேன், தெரியுமா?

மருமகள்: நீங்களா? எங்கே?

மாமி: டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு. மூன்று தடவை. எனக்கென்று ஒரு கட்டில். யாரோ சமைத்த சோறு. காலையில் தேத்தண்ணி படுக்கைக்கே வரும். அதற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை பெற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

மருமகள்: மாமி...

மாமி: சேகருக்கும் அடுத்தவளுக்கும் 84 நாள் லீவு. மூன்றாவதுக்கு 42 நாள்தான். மூன்றாவது பிள்ளை என்ன, பாதி வயிற்றிலா இருந்தது?

மருமகள்: 2018-இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் மாமி. இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்.

மாமி: இப்போ சொல்லி என்ன செய்ய? இனிமேல் என்னால் முடியாது. அப்புறம் ஐம்பது வயதில் ஈ.பி.எஃப். காசு வந்தது. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். சேகர் த்ரீவீல் என்றான். மகள் தையல் மெஷின் என்றாள். உன் மாமனார் கூரைத் தகரம் என்றார். அன்றைக்கு இந்த வீட்டில் எல்லாரிடமும் இலக்கு இருந்தது. என்னிடம் காசு மட்டும்தான் இருந்தது.

மருமகள்: நீங்கள் ஒன்றுமே நினைக்கவில்லையா?

மாமி: எனக்கு எதற்கு? என்னுடையதை ஆபிசிலேயே குறித்துக் கொடுத்துவிடுவார்களே. பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். அதிலும் தண்ணீருக்கு, சாக்குக்கு என்று ரெண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நீயும் பார்த்துக்கொள். அப்புத்தளையில் பத்து இலக்குப் பறித்துக்கொண்டு வருவாய். வாசலில் வைத்தே சேகர் ரெண்டு கழிப்பான், பிள்ளைகள் நான்கு கழிப்பார்கள்.

மருமகள்: நீங்கள்?

மாமி: நான் முன்கூட்டியே கழிக்கப் போகிறேன். வை தராசில். நான்தான் கணக்கப்பிள்ளை. மனதில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லு.

மருமகள்: முதலாவது, மூத்தவன் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும்.

மாமி: இது அவன் கொழுந்து. உன் கூடைக்குள் எப்படி வந்தது?

மருமகள்: அவனுக்கு அந்தக் கவலையே இல்லை மாமி. நான் கவலைப்படாவிட்டால் யார் படுவது?

மாமி: பரீட்சைக்கு நீயா உட்காரப் போகிறாய்? கழி. அடுத்தது?

மருமகள்: முன் சுவரைப் பூசி, இஸ்தோப்புக்கு டைல் போட வேண்டும்.

மாமி: இது சேகர் உன் அப்பாவிடம் நிச்சயதார்த்தத்தன்று சொன்னது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கழி.

மருமகள்: அவருக்குச் சீனி வருத்தம் வந்துவிடாமல் சாப்பாட்டை...

மாமி: நீ வீட்டில் குரக்கன் ரொட்டி கொடுப்பாய். அவன் ஸ்டாண்டில் நின்று மூன்று ரோல்ஸ் தின்பான். அவன் வாய்க்கு நீ காவல் இருக்க முடியாது. கழி.

மருமகள்: உங்கள் கண்ணைக் காட்டி, பூ எடுக்க ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்க வேண்டும்.

மாமி: (நீண்ட யோசனை) இது இருக்கட்டும்.

மருமகள்: மாமி!

மாமி: சரி, சரி. அரைக் கிலோவாகப் போட்டுக்கொள். வேறு?

மருமகள்: வேறு... (கொப்பியின் ஓரத்தை மடக்கி மடக்கி விரிக்கிறாள்) திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்தேனே, அந்தப் படிப்பு. சின்னவள் பிறந்தபோது விட்டது.

மாமி: அந்தப் புத்தகங்களா? அலுமாரிக்கு மேலே இருக்கிறது. நான்தான் கரையான் அரிக்காமல் நப்தலீன் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். எழுது. அப்புறம்?

மருமகள்: சிரிக்கக் கூடாது.

மாமி: சிரிக்கும் அளவுக்குப் பல் இல்லை. சொல்லு.

மருமகள்: ஸ்கூட்டி ஓட்டப் பழக வேண்டும். லைசன்ஸ் எடுக்க வேண்டும்.

மாமி: இந்த இறக்கத்திலா?

மருமகள்: நீங்களும் பயப்படாமல் ஏறலாம். வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். பிள்ளைகளை டியூசனுக்கு ஏற்றலாம். சந்தைக்குப் போய் அவருக்கு...

மாமி: நிறுத்து, நிறுத்து. ஸ்கூட்டி இன்னும் வாங்கவேயில்லை, அதற்குள் தோட்டமே ஏறிவிட்டது. நான் ஏற மாட்டேன். எழுது: ஸ்கூட்டி, பின் சீட் காலி.

(மருமகள் எழுதுகிறாள். கொப்பிக்குள்ளிருந்து மடித்த தாள்கள் நான்கு கீழே விழுகின்றன.)

மாமி: இது என்ன? இதில் மட்டும் இவ்வளவு எழுத்து?

மருமகள்: அது வீட்டுக்கு. நான் இல்லாத நாட்களுக்கு. ‘பைப்பில் தண்ணீர் விடிய 5 மணிக்கு வரும், 5.40-க்கு நின்றுவிடும். முதலில் பெரிய ட்ரம்மை நிரப்பவும், வாளியை அல்ல. சின்னவளுக்கு முட்டை வெள்ளை மட்டும். மஞ்சளை அண்ணனுக்குக் கொடுக்கவும், அவள் பார்க்கக் கூடாது. உங்கள் கறுப்புக் கால்சட்டை கட்டிலுக்கு வலது பக்க ஆணியில். இடது பக்கம் தேட வேண்டாம்.’

மாமி: என்னைப் பற்றி?

மருமகள்: (தயங்கி) ‘மாமி மாத்திரை போட்டேன் என்பார். போட்டிருக்க மாட்டார்.’

மாமி: பொய். (சற்று நேரம் கழித்து) நேற்றைக்குப் போட்டேன்.

(மருமகளின் போன் அடிக்கிறது. தேங்காய்ப்பூக் கையோடு மாமி அதைப் பாய்ந்து எடுக்கிறார்.)

மாமி: (போனில்) ஆ, சொல்லு சேகர்... ராவுக்கு என்ன சாப்பாடா? எனக்கு எப்படித் தெரியும்? அவள் அப்புத்தளைக்குப் போய்விட்டாள்... ஆமாம், போயே போய்விட்டாள்... எதற்கா? யோசிக்க... வந்து ரொட்டி சுடு. பிள்ளைகள் பசியோடு வருவார்கள். (வைக்கிறார்.)

மருமகள்: மாமி! இன்றைக்குத் திங்கட்கிழமை!

மாமி: முதல்முறையாக வியாழக்கிழமைதான் சுட்டான் என்றால் அதை யார் தின்பது? மூன்று நாள் பழகட்டும்.

மருமகள்: பத்து நிமிடத்தில் வந்துவிடுவாரே! நான் இங்கேயே இருக்கிறேனே!

மாமி: கொப்பியை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போ. கதவைச் சாத்து. ஏன் சாத்தினாய் என்று நான் கேட்க மாட்டேன்.

மருமகள்: மா எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மாமி: எனக்கும் தெரியாது. கண் தெரியாதே, நீதானே சொன்னாய்.

மருமகள்: உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும் மாமி!

மாமி: சீனியைத்தான் அப்போதே கழித்துவிட்டோமே. போ உள்ளே, த்ரீவீல் சத்தம் கேட்கிறது!