விசாரிக்காமலே நிறுத்திவிடுகிறார்கள்

எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை ஒரு மாதம் திடீரென்று நின்றுபோனது. ஏதோ விதி மாறிவிட்டது, புதிதாக ஒரு சான்று வேண்டும் என்பதே மூன்றாவது தடவை போனபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்குக் கூலி வேலை. அலுவலகத்துக்குப் போகிற நாளெல்லாம் அன்றைய கூலி போச்சு. மங்கிப்போன ஒரு பிளாஸ்டிக் கவரில் அப்பாவின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஜெராக்ஸ்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் அவற்றைப் புரட்டிவிட்டு, "ரெண்டு தாள்ல பேரு ரெண்டு மாதிரி இருக்கே" என்று திருப்பித் தள்ளினார். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதை எழுதியவரும் இன்னோர் அலுவலகத்து ஊழியர்தான். அலைந்தது அம்மா.

அரசின் கொள்கை முடிவு என்று யாராவது பேசினால் எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வரும்.

உதவித் திட்டங்களில் இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். தகுதி இல்லாதவர் கைக்குப் பணம் போவது ஒன்று. தகுதி உள்ளவர் விடுபட்டுப்போவது இன்னொன்று. முதலாவது தணிக்கையில் வரும், செய்தியாகும், சட்டமன்றத்தில் கேள்வியாகும். இரண்டாவதை யாரும் கணக்கு வைப்பதில்லை. அது ஒரு வீட்டின் வாடகை பாக்கியாகவோ, பள்ளியிலிருந்து நின்றுவிட்ட ஒரு பிள்ளையாகவோ கரைந்துபோகிறது. அதனால் கொள்கை வகுப்பவர்களின் கண் எப்போதும் முதல் தவறின் மேலேயே இருக்கிறது.

இதெல்லாம் வசதியில்லாத நாடுகளின் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஏறத்தாழ 26,000 பெற்றோர்மீது வரித்துறை தவறாகப் பழி போட்டது. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால்கூட, வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். சில குடும்பங்களுக்கு அது பல்லாயிரம் யூரோ. இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தவர்களைக் கூடுதலாகச் சந்தேகித்தார்கள். வேலை போனது, வீடு போனது, கணவன் மனைவி பிரிந்தார்கள். 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை இதற்காக ராஜினாமா செய்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்களைக் கண்டுபிடிக்க வந்த, 'ரோபோடெட்' என்று பெயரெடுத்த அந்தத் திட்டம், ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு பங்காகச் சமமாகப் பிரித்துப் போட்டது. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலையில்லை என்று இருந்தவர், வருடம் முழுக்கச் சம்பாதித்தவராகக் கணக்கில் மாறினார். வேலையில்லாத மாதங்களில் வாங்கிய உதவி அரசுக்குத் தரவேண்டிய கடனாக மாறியது. கடன் இல்லை என்று மறுத்தால், பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டு! நிலையான வேலை இல்லாதவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? இப்படிக் கடன் சுமத்தியது சட்டப்படி செல்லாது என்று 2019-இல் நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. 2023-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை அந்தத் திட்டத்தைக் கொடூரமானது என்றே எழுதியது. அதற்குள் அந்தக் கடிதங்களால் உடைந்துபோனவர்கள் எத்தனை பேர்!

சோம்பேறித்தனத்தால்தான் ஏழையாக இருக்கிறார்கள் என்பவர்கள் அமெரிக்காவின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2021-இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் முழுத் தொகை கிடைக்கும்படி செய்தார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டின்படி, அந்த ஆண்டு வறுமையில் இருந்த குழந்தைகள் 5.2 சதவீதம். சலுகையை நீட்டிக்காமல் விட்டார்கள். 2022-இல் அது 12.4 சதவீதம். பெற்றோர்கள் அதே பெற்றோர்கள்தான்.

சரிபார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுப் பணம், கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் விசாரணை முடியும் வரை பணம் நிற்கக் கூடாது. நிறுத்துவதாக இருந்தால் காரணத்தை, படிக்கிறவருக்குப் புரிகிற மொழியில், முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அரசிடமே இருக்கிற ஆவணத்தை ஏழையிடம் மறுபடி கேட்கக் கூடாது. ஒரு துறை பெயரைத் தப்பாக எழுதினால், திருத்துவது அந்தத் துறையின் வேலை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு திகைத்துப்போய் இருந்தால், அதை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒருநாள் கூடவே போங்கள். அம்மாவோடு நாலாவது தடவை என் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை, பக்கத்தில் நின்றார். அன்றைக்குத்தான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.