பட்டினி போட்டு ஓடவிடாதீர்கள்

எங்கள் குடியிருப்பின் எடைக்குறைப்புச் சவாலில் சனிக்கிழமை காலை ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எனக்கு அதைவிட வலித்தது வாட்ஸப் குழுவில் வந்த பதில்கள்தான். மனவுறுதி இல்லையாம். தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் ஏன் சேர வேண்டுமாம். முந்தின இரவு அவள் சாப்பிட்டது வெறும் வெள்ளரிக்காய். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓட்டம். இதில் மனவுறுதிக்கு என்ன வேலை?

எடை குறைய வேண்டுமென்றால் சாப்பாடு கொஞ்சம் குறைய வேண்டும், உடம்பும் அசைய வேண்டும். யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டை ஒரேயடியாக வெட்டக் கூடாது. நாம் சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயத்துக்கும் மூளைக்கும் ஈரலுக்கும் சக்தி வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. அதையும் கொடுக்காமல் ஓடவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும்.

"முதல் வாரமே மூன்று கிலோ போச்சே" என்பார்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று கிலோவும் கொழுப்பு என்றால் தினமும் 3,300 கலோரி. நம்மில் பலர் வழக்கமாகச் சாப்பிடுவதே அவ்வளவு இருக்காது. போனதில் பெரும்பகுதி தண்ணீர்.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். தினம் சுமார் 1,570 கலோரி, வாரம் 35 கிலோமீட்டர் நடை. எடை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே நாடித்துடிப்பு இறங்கியது, குளிர் தாங்கவில்லை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. அவர்கள் ஒல்லியானவர்கள், இங்கே அப்படி இல்லை என்று வாதாடுவீர்கள். சரி. ஆனால் நம் சவாலில் எல்லோருக்கும் அனுப்பிய சாப்பாட்டு அட்டவணை அந்த 1,570 கலோரியைக்கூடத் தொடாது.

அப்போ இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். நான் அப்படி எங்கே சொன்னேன்? ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 250 கலோரி போகும். இரண்டு வடையும் ஒரு காப்பியும் அதை ஈடுகட்டிவிடும். எனக்கும் தெரியும். அதற்காக இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டு ஓடுவது குற்றமாகிவிடுமா? 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரைப்படி தினம் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். வெள்ளரியிலும் கிரீன் டீயிலும் அது எங்கே இருக்கிறது?

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் இடுப்பைப் பற்றியே பேசினார்கள். ஜிம்மில் சேர்ந்தாள், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திரும்ப வந்திருந்த மாதவிலக்கு மறுபடி நின்றது. டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்: "இன்னைக்கு என்னம்மா சாப்பிட்ட?" அவள் அழுதுவிட்டாள். மாதக்கணக்கில் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"உங்களைப் பார்த்தால் எடைக்குறைப்பைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி தெரியலையே" என்று எனக்குத் தனிச்செய்தி வந்திருக்கிறது. என் உடம்பு எப்படி இருந்தாலும் மேலே உள்ள கணக்கு மாறாது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற பெண்களிடம் போய் இன்னும் குறை, இன்னும் குறை என்கிறீர்களே, அவர்கள் தட்டில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

சனிக்கிழமை மயங்கி விழுந்தவளின் வயது, எடை, ரத்தசோகை உண்டா இல்லையா எதையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே அட்டவணையை அனுப்பியவர், அடுத்த சுற்றை அறிவிப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதே குழுவில், எல்லோரும் பார்க்க.