சத்தம் போட ஒன்றரை லட்சம், அடக்க எவ்வளவு?

(கோயம்புத்தூரில் ஒரு சைலன்சர் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. தெருமுனை திரும்பும் முன்பே சத்தம் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது; கார் அப்புறம்தான் வருகிறது. கருப்பு ஆக்டேவியா விஆர்எஸ், 2017 மாடல், இரண்டாம் கை. ஓட்டி வந்த தம்பியின் இரண்டு காதிலும் பஞ்சு.)

அண்ணன்: வாங்க தம்பி. முதலில் வண்டியை நிறுத்துங்க.

தம்பி: என்னங்கண்ணா?

அண்ணன்: வண்டியை நிறுத்துங்க!

தம்பி: நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சுங்க. காதில் பஞ்சு, அதுதான்.

அண்ணன்: எடுங்க. அதோ, சாக்கு போட்ட பெட்டி மேல் உட்காருங்க. என்ன வேலை?

தம்பி: சத்தத்தைக் குறைக்கணுங்கண்ணா.

அண்ணன்: இதை மாட்டும்போது என்ன கேட்டீங்க?

தம்பி: சத்தம் வேணும்னு கேட்டேன்.

அண்ணன்: அப்போ வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார்கள். எவ்வளவு ஆச்சு?

தம்பி: கேட்-பேக் முழு செட், மாட்டுகிற கூலியோடு ஒன்றரை லட்சம்.

அண்ணன்: வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

தம்பி: அப்பாவிடம் உள்ளதைத்தான் சொன்னேன். "காருக்குக் கேட்-பேக் போடப்போறேன்"னு. அவர் நம்ம வீட்டு கேட்டுக்குப் பின்னால் ஷெட் போடப்போகிறேன் என்று நினைத்து, "மழைக்கு முன்னாடி முடிச்சுரு"ன்னு பாதிப் பணத்தையும் கொடுத்துட்டாருங்க.

அண்ணன்: நீங்களும் வாங்கிக்கிட்டீங்க.

தம்பி: பெரியவர் கொடுக்கும்போது வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படுமில்லைங்களா?

(படிக்கிறவர்களில் யாருக்காவது அப்பாவின் சந்தேகம் இருந்தால்: இந்தக் கேட், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். தேன்கூடு மாதிரி இருக்கும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். அதற்குப் பின்னால் பம்பர் வரைக்கும் போகிற குழாயும் சைலன்சரும் சேர்ந்தது கேட்-பேக். ஷெட் இதில் சேராது.

அண்ணன் ஜாக்கி ஏற்றி, பழைய அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போகிறார். இனி குரல் மட்டும்.)

அண்ணன்: சரிதான், நேர்க்குழாய்! ஓட்டை போட்ட பைப்பு, சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். கம்பெனிக்காரன் உள்ளே தடுப்புச் சுவர் வைத்து, சத்தத்தை அறை அறையாக அலையவிட்டு ஓய்ந்துபோக வைப்பான். இதில் திண்ணையில் ஏறினால் கொல்லையில் இறங்கிவிடும்.

தம்பி: அதனால்தான் பவர் ஏறும் என்றார்கள். 25 எச்பி.

அண்ணன்: கம்பெனிக் கணக்கு 230. ஏறியதா?

தம்பி: ஏறின மாதிரி இருக்குங்க.

அண்ணன்: மாதிரி என்றால்? பவரை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றிப் பார்த்தீங்களா?

தம்பி: இல்லைங்க. கண்ணாடியை இறக்கிவிட்டால் ஏறின மாதிரி இருக்கு. ஏத்திவிட்டால் அவ்வளவாகத் தெரியவில்லை.

அண்ணன்: தம்பி, டர்போ வண்டியில் புகை நெருக்கியடிப்பது டர்போவை விட்டு இறங்கின இடத்தில்தான். அங்கே இருக்கிற குழாயான டவுன்பைப்பும் அதில் இருக்கிற கேட்டும். நீங்க மாற்றியது கடைசியில். காந்திபுரத்தில் நெரிசல் என்று நீலாம்பூரில் ரோட்டை அகலம் பண்ணின கதை.

தம்பி: அப்போ டவுன்பைப்பையும் மாத்திரலாங்களா?

அண்ணன்: சத்தத்தைக் குறைக்கத்தானே வந்தீங்க?

தம்பி: அட ஆமாங்க.

அண்ணன்: கேட்டில் கை வைத்தால், அதற்குப் பின்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார் மாமியார் மாதிரி காவல் இருக்கு. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நல்லவேளை, அதை விட்டுவைத்திருக்கிறார்கள். பலகையில் ஸ்பீக்கர் காந்தம் இருக்கும், எடுங்க.

(டக் என்று ஒரு சத்தம்.)

அண்ணன்: பைப்பு என்ன கிரேடு என்றார்கள்?

தம்பி: 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முத்திரையே இருக்குங்களே.

அண்ணன்: முத்திரை 304தான், பைப்புதான் 409, அதைவிட மலிவான ரகம். 304-இல் நிக்கல் 8 சதவீதம் இருக்கும், காந்தம் பொதுவாகக் கண்டுகொள்ளாது. இங்கே பாருங்க, கையை எடுத்தும் தொங்குது.

தம்பி: 409 மோசமுங்களா?

அண்ணன்: மோசமே இல்லை, கார் கம்பெனிக்காரனே போடுகிற சரக்கு. என்ன, காசைத்தான் 304-க்குக் கொடுத்துட்டீங்க. (வெளியே வந்து கையைத் துடைக்கிறார்.) எப்போதெல்லாம் தொந்தரவு?

தம்பி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் கத்துதுங்க.

அண்ணன்: கத்தும். சூடு ஏறினால்தான் கேட் வேலை செய்யும். அதற்காக எஞ்சின் தானாகவே சுற்றைக் கூட்டிக்கொள்ளும்.

தம்பி: அது அம்மாவுக்குத் தெரியலைங்களே. அஞ்சரை மணிக்கு ஜிம்முக்குக் கிளம்பினால், ராத்திரி கிரைண்டரை நிறுத்த மறந்துட்டோம்னு பதறி எழுந்து வர்றாங்க. மூணு நாள் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாங்க. நாலாவது நாள் கிரைண்டர் விற்ற கடைக்கே போன் போட்டுட்டாங்க.

அண்ணன்: அப்புறம்?

தம்பி: ஹைவேயில் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,400 சுற்றுக்கு வந்தால் உள்ளே "ம்ம்ம்"னு ஒரே இரைச்சல். ஈரோட்டில் பொண்ணு பார்க்கப் போனோம். பெருந்துறையில் திரும்புன்னு மேப் சொன்னது காதில் விழாமல் பவானி வரைக்கும் போயிட்டோம்.

அண்ணன்: அதற்குப் பேர் ட்ரோன். நாலு சிலிண்டர், 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80 வெடி. அந்த 80-க்குக் காரின் கூடும் சேர்ந்து ஒத்து ஊதுது. அதை வெட்டுவதற்கும் வழி இருக்கு. பக்கத்தில் ஒரு கிளைக்குழாய் வைத்து முனையை அடைத்து, ஆர்கான் வெல்டிங் பண்ணணும். போன சத்தம் முட்டித் திரும்பி வந்து, வருகிற சத்தத்தை அமுக்கிவிடும். 80-க்குக் கணக்குப் போட்டால் நீளம் ஒன்றரை மீட்டர் வரும்.

தம்பி: அடியில் அவ்வளவு இடம் இருக்குங்களா?

அண்ணன்: ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தால் இருக்கு. அது கிடக்கட்டும், பொண்ணு அமைஞ்சுதா?

தம்பி: எங்கேங்க! நாங்க தெருவில் நுழையும்போதே பொண்ணோட அப்பா வெளியே வந்து, "மாப்பிள்ளை டிராக்டரில் வர்றாரா?"ன்னு கேட்டாராம்.

அண்ணன்: போலீஸ்காரர் கேட்டிருந்தால் இன்னும் சிக்கல். சத்த விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

தம்பி: செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் இதைவிடச் சத்தமாக ஓட்டுறாங்களே அண்ணா?

அண்ணன்: கரிவரதன் பேர் வைத்த இடம் அது, மாருதி 800 எஞ்சினை வைத்தே ரேஸ் கார் கட்டின மனுஷன். ரேஸ் கார் சுற்றை இறக்கவே இறக்காது, மேலேயே ஓடும். நீங்க காந்திபுரம் சிக்னலில் 800 சுற்றில் நின்றுகொண்டு பக்கத்து டவுன் பஸ்ஸை முறைக்கிறீங்க. பேசாமல் கம்பெனி சைலன்சரையே கொண்டுவாங்க, மாட்டித் தர்றேன்.

தம்பி: அது இல்லைங்கண்ணா.

அண்ணன்: இல்லைன்னா?

தம்பி: வீட்டு கேட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தேன். ஷெட்டுக்கு இடம் வேணும்னு அப்பா அங்கே சுத்தம் பண்ணிட்டார். அம்மா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, பைப்போடு போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டாங்க.

(அண்ணன் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. டீ கிளாஸைக் கீழே வைக்கிறார்.)

அண்ணன்: கொஞ்சம் எழுந்திரிங்க தம்பி.

தம்பி: ஏனுங்க?

அண்ணன்: எழுந்திரிங்கன்னு சொன்னேன். (சாக்கை உருவுகிறார்.) இதைப் பாருங்க.

தம்பி: அண்ணா! மூலையில் இந்த நசுங்கல், சிங்காநல்லூர் ஸ்பீட் பிரேக்கரில் நான் வாங்கினது! இவ்வளவு நேரம் இதன் மேலேயா உட்கார்ந்திருந்தேன்?

அண்ணன்: பைப்பு பரணில் இருக்கு. ரெண்டும் சேர்த்துப் பதினைந்தாயிரம், மாட்டுகிற கூலி தனி.

தம்பி: ஒரு வாளிக்குப் போன சாமானுங்க அது!

அண்ணன்: ஒரு வாளியா? ரெண்டு வாளி, ஒரு முறம் கொடுத்தேன்னு சொல்லி என்னிடம் 200 ரூபாய் சேர்த்து வாங்கிட்டானே அந்த ஆள்!

(தம்பியின் போன் அடிக்கிறது.)

தம்பி: சொல்லுங்கப்பா... கொத்தனாரா? வீட்டுக்கே வந்துட்டாரா? கேட்டுக்குப் பின்னாடி அளந்து... பத்து நிமிஷம், வந்துடறேன்ப்பா. (போனை வைத்துவிட்டு) அண்ணா, உங்களுக்கு ஷெட் அடிக்க வருங்களா?

அண்ணன்: வெல்டிங்தானே, வரும். மேலே தகரம் மட்டும் வாங்கிக் கொடுங்க. காலுக்குப் பைப்பு வேண்டாம். இதைக் கழற்றி நட்டுவிடுகிறேன், 409, மழையில் கிடந்தாலும் சீக்கிரம் இற்றுப்போகாது. ஒன்றரை லட்சத்துக்கு கேட்-பேக் போட்டேன்னு அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்க.