மொண்டாவி ஒயின்: இரண்டு ஆலைகளைக் குழப்ப வேண்டாம்

'ராபர்ட் மொண்டாவி அப்பாவின் ஒயின் ஆலையை வாரிசாகப் பெற்று உலகப் புகழாக்கினார், இன்றும் குடும்பம்தான் நடத்துகிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி தவறு, மீதி வேறு ஆலையின் கதை.

அப்பா செசாரே 1943ல் வாங்கியது கலிபோர்னியா நாபா பள்ளத்தாக்கின் சார்லஸ் க்ரூக் ஆலை. அவர் போனபின் 1965ல் அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு. வெள்ளை மாளிகை விருந்துக்கென்று ராபர்ட் தன் மனைவிக்கு வாங்கிய மிங்க் (விலையுயர்ந்த விலங்கு ரோமம்) கோட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று தம்பி பீட்டர் கேட்க, அண்ணன் அடித்தேவிட்டார். குடும்பம் அவரை ஒதுக்கியது. ஐம்பதைத் தாண்டிய வயதில், தொழில் கூட்டாளிகள் பணத்தோடு, 1966ல் ஓக்வில்லில் தன் பெயரில் புதிதாக ஆரம்பித்ததுதான் உலகப் புகழ்பெற்ற அந்த ஆலை. அப்புறம் கோர்ட், வழக்கு. 1976ல் தீர்ப்பு ராபர்ட் பக்கம்.

இன்றும் குடும்பத்திடம் இருப்பது பீட்டர் வழியினரின் க்ரூக். ராபர்ட்டின் நிறுவனம் 1993ல் பங்குச்சந்தைக்குப் போனது, 2004ல் கான்ஸ்டெலேஷன் என்ற மதுபான நிறுவனம் மொத்தமாக வாங்கிவிட்டது, அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே. பாட்டிலில் பெயர் இருக்கிறது, சரி, ஆனால் முதலாளி வேறு.