எந்த எலிக்கு வந்த வாதம்?

எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு ஃபார்வர்டு வரும்: பக்கவாதத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், எலியில் வெற்றி! காரைக்குடி, தேவகோட்டை என்று ஊர் ஊராகக் கும்பிடு விழும். சரி, அந்த எலிக்கு வாதம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆய்வக எலிக்குச் சாதாரணமாக வாதம் தானாக வராது, அறுத்துத்தான் வரவழைக்க வேண்டும். அதிகம் புழங்குவது 1989-இல் லோங்கா என்ற ஆய்வாளரின் குழு எழுதிய முறை. எலியை மயக்கி, கழுத்தைத் திறந்து, கரோட்டிட் தமனி வழியாக நைலான் இழை ஒன்றை மேலே தள்ளுவார்கள், நுனியை நெருப்பில் காட்டி உருட்டியிருப்பார்கள். தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து சுமார் 18-20 மில்லிமீட்டர் போனால் மூளையின் நடுத்தமனி வாய் அடைபடும். கூடப் போனால் குழாய் கிழிந்து ரத்தக்கசிவு, இழை மெலிதாக இருந்தால் அடைப்பே சரியாக விழாது. உடல் சூட்டை 37 டிகிரியில் பிடித்துவைக்கவும் வேண்டும், எலி கொஞ்சம் குளிர்ந்தாலே மூளைச் சேதம் குறையும், பேரை மருந்து வாங்கிக்கொள்ளும். ஒரு மணியோ ஒன்றரை மணியோ கழித்து இழையை உருவினால் ரத்தம் திரும்பப் பாயும். அப்புறம் மூளையைத் துண்டு போட்டு டிடிசி என்ற நிறமேற்றும் கரைசலில் வைத்தால் உயிருள்ள திசு சிவக்கும், செத்தது வெள்ளையாகவே நிற்கும்.

கைவேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் அறுபடுவது பெரும்பாலும் நோய்நொடி இல்லாத இளவட்ட ஆண் எலி, அடைபட்ட நிமிஷம்கூடத் துல்லியமாகத் தெரியும். நம்ம பக்கம் எப்படி? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் சர்க்கரையும் பிரஷருமாக அப்பத்தா தனியாக இருப்பார், பால்காரர் கூப்பிட்டுப் பதில் வராமல் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டாங்கட்டில் விழுந்து கிடப்பார். ராத்திரி எத்தனை மணிக்கு இழுத்தது என்று யார் சொல்வது? மூளையை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான்.

என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து எலியிலும் குரங்கிலும் நன்றாகத்தான் வேலை செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் 2006-இல் படுத்துவிட்டது.

விலங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அந்தக் கரைக்கும் ஊசியே 1985-இல் முயல் மூளையில் ரத்தக்கட்டியை ஏற்றிப் பார்த்து வந்ததுதான். கிழட்டு எலியில் செய்யுங்கள், சர்க்கரை உள்ளதில், பெண் எலியிலும் செய்யுங்கள். எந்த எலிக்கு மருந்து கொடுத்தோம் என்று தெரியாத ஆள் சேதத்தை அளக்கட்டும். செலவு இழுக்கும், நிறையச் செத்தும் போகும், கட்டுரை சீக்கிரம் வெளிவராது. அதற்குப் பயந்து இளவட்டத்தையே அறுத்துக்கொண்டிருந்தால் அந்த எலிகள் செத்தது வீண்தான்.