சேர்த்தாச்சு என்று சொல்வதற்கு முன்னால்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம் மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. (முந்திரிப் பருப்பு கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.)

அங்கே 23 கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூனில் (கம்பெனி கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சேவை) சேர்த்தது நான்தான். திரையில் 23-க்கும் பச்சை டிக். "எல்லாம் சேர்த்தாச்சா தம்பி?" என்று முதலாளி கேட்டார். "சேர்த்தாச்சு சார்" என்றேன். இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலையாக மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புச் சேவையான டிஃபெண்டரின் போர்ட்டலைத் திறந்தால் அங்கே 17 தான் இருக்கிறது.

விடுபட்ட ஆறில் ஒன்று கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வாங்கிய லேப்டாப். பேங்க் லாகின், ஜிஎஸ்டி, வெளிநாட்டுக்குப் போகிற இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இன்ட்யூனில் சேர்ப்பது வேறு, டிஃபெண்டரில் ஆன்போர்ட் ஆவது வேறு. முதலாவது, மெஷின் நம் நிர்வாகத்துக்குள் வந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். இரண்டாவது நடந்தால்தான் அதற்குள் எந்த புரோகிராம் ஓடுகிறது, எது சந்தேகமாக நடந்துகொள்கிறது என்ற தகவல் வரும். ஏதாவது புகுந்துவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த மெஷினை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கவும் முடியும். இதற்கு இரண்டுக்கும் நடுவே கனெக்டரை ஆன் செய்து, ஆன்போர்டிங் பாலிசி ஒன்று போட்டு, அதைச் சரியான குரூப்புக்குக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த குரூப்பில் கையால் சேர்த்த பழைய 17 மெஷின்கள்தான் இருந்தன. அப்புறம் வாங்கியவற்றை அதில் சேர்க்க விட்டுவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

அப்படியானால் அந்தப் பச்சை டிக்? கம்ப்ளையன்ஸ் பாலிசி, அதாவது மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள், எதுவுமே கொடுக்காத மெஷினையும் இன்ட்யூன் இயல்பாகவே கம்ப்ளையண்ட் (விதிப்படி இருக்கிறது) என்றுதான் காட்டும். அந்த செட்டிங்கை நாம் போய் மாற்ற வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகள் இன்றைக்கே அதைத் திறந்து பாருங்கள். கடையில் விலை குறைவு என்று விண்டோஸ் ஹோம் பதிப்பு லேப்டாப்பை வாங்கிக் கொடுக்கும் முதலாளிகளிடமும் சொல்லிவிடுங்கள்: டிஃபெண்டர் ஆன்போர்டிங்குக்கு ஹோம் ஆகாது, ப்ரோ வேண்டும்.

2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாமல் விட்ட மெஷின்கள் வழியாகத்தான் அது பரவியது. விடுபட்ட ஆறைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் மழையோடு போய் கணக்குப் பார்க்கும் அக்காவின் மேசை முன் உட்கார்ந்தேன். குரூப்பில் சேர்த்து, சிங்க் கொடுத்து, டிஃபெண்டர் ஓடுகிறதா என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்சி கொயரி சென்ஸ்' (sc query sense) என்று அடித்தேன். ரன்னிங் என்று வந்தது. அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, எனக்க மவளுக்க கல்யாண போட்டோ எல்லாம் இதுல கிடக்கு. அதையும் நீங்க பாப்பியளா?"

இந்த இடத்தில் "ஒண்ணும் பார்க்க முடியாது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அது சம்மதமில்லை. இன்ட்யூன் வழியாக போட்டோவையோ மெயிலையோ நான் பார்க்க முடியாது. என்னென்ன ஆப் போட்டிருக்கிறது என்பது தெரியும். டிஃபெண்டர் அதைவிட அதிகம் குறித்து வைக்கும்: எந்த புரோகிராம் ஓடியது, அது இணையத்தில் எந்த முகவரிக்குப் போனது என்பதெல்லாம். அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பென்டிரைவை எடுத்து, "அப்ப இதுல போட்டுத் தந்திரும். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி மெஷினைக் கண்காணிப்பது தேவைதான். அதை உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குத் தெரியாமல் செய்வது சரியில்லை. எது பதிவாகும், எது ஆகாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அட்டெண்டன்ஸ் நோட்டுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். இப்போது எந்த அலுவலகத்திலும் இரண்டு போர்ட்டலின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக டிக் அடித்த பிறகுதான் முதலாளியிடம் பேசுகிறேன்.

அந்த ஆபீஸில் இன்றைக்கு 22 வந்துவிட்டது. மீதி ஒன்று குடோனில் இருக்கிறது, லோடு ஏற்றும் நாளில் மட்டும்தான் ஆன் செய்வார்கள். நாளைக்கு லோடு உண்டாம். காலையில் குடோன் திறக்கும்போது அங்கே இருப்பேன்.