மாநிறத்தவருக்கும் தோல் புற்றுநோய் வரும்
நம் தோல் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராது என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. குறைவு, அவ்வளவுதான். என் பெரியம்மாவுக்கு மூக்கோரத்தில் மிளகளவு கறுப்புப் புள்ளி. மரு என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். பொருக்கு தட்டும், உதிரும், முகம் துடைத்தால் ரத்தம் கசியும். சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி சோதனையில், பேசல் செல் கார்சினோமா என்ற வகைத் தோல் புற்றுநோய் என்று வந்தது. இது உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பையே அரித்துவிடும். வெட்டியெடுத்து, ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று உறுதியான பிறகுதான் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கில் தைத்தார்கள். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்க மூன்று வாரம் போல ஆகும். அதுவரை புருவத்திலிருந்து மூக்குக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு சதைத்துண்டு தொங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் அதை வெட்டிச் சீராக்குவார்கள். அதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பேரப்பிள்ளைகள் கிட்டவே வரவில்லை, பெரியம்மா அதற்குத்தான் அதிகம் அழுதார். அறுவை சிகிச்சைக்கு முன்பே குடும்பத்துக்கு அந்த இடைக்காலப் படங்களைக் காட்டிவிட வேண்டும்.